கேட்ட கேள்வி ஒண்ணு, சொன்ன பதில் ஒண்ணு



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு, அன்னதான மண்டபத்தைக் கழுவி, பாத்திரமெல்லாம் அடுக்கி வச்சிட்டு, தொண்டர்கள் நாங்க நாலைஞ்சு பேரு உட்கார்ந்து பேசி எழுதினது இது. எங்கள் ஆலயத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் "ஓ, அந்தக் கோயிலா!" என்று பேச்சு வேற பக்கம் போயிடும். இது எங்க கோயில்ல மட்டும் நடக்கிற விசயமும் இல்லை. படிச்சு முடிக்கிறப்போ உங்களுக்கே தெரியும்.

நடந்தது இதுதான். ஆடித் திருவிழா முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. எங்கள் புலனக் குழுவில் ஒரு தங்கச்சி ஒரு செய்தி போட்டார். பூ கட்டுறது, பிள்ளைங்களுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறது, கடைசிப் பந்தி முடிஞ்சப்புறம் மேசை துடைக்கிறது எல்லாம் செய்யிற பிள்ளை. அவர் போட்டது மூணே வரி: "வணக்கம். திருவிழா வரவு செலவு கணக்கு இன்னும் அறிவிப்புப் பலகையில ஒட்டல. எப்ப ஒட்டுவாங்கன்னு சொன்னா நல்லாயிருக்கும். நன்றி."

அன்னிக்கு ராத்திரி குழு தூங்கல. ஒண்ணு மேல ஒண்ணா பதில் வந்துக்கிட்டே இருந்துச்சு. மறுநாள் காலையில அந்தத் தங்கச்சி குழுவை விட்டு விலகிட்டார். மூணு வாரம் கழிச்சு, 18 வருசமா பொருளாளரா இருந்த ஐயா உண்டியல் சாவியைத் தலைவர் கையில கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டார். ஒரே கேள்வியால ரெண்டு பேரை இழந்துட்டோம்.

இதுல எங்களுக்கு வலிக்கிற விசயம் ஒண்ணு இருக்கு. பிறகு உட்கார்ந்து அந்தச் செய்திகளை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சோம். கேட்ட கேள்விக்குப் பதில் எந்த இடத்திலயும் இல்லை. "எப்ப ஒட்டுவாங்க?" என்பதுதான் கேள்வி. "பந்தல்காரர் பில் இன்னும் வரல, வந்ததும் ஒட்டிடறோம்" என்பதுதான் உண்மையான பதில். அது பொருளாளர் ஐயாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் அதைச் சொல்றதுக்குள்ள மத்தவங்க எல்லாம் பேசிட்டாங்க. அப்புறம் அவர் மனசு உடைஞ்சு வாயே திறக்கல.

நாங்களும் யோக்கியம் இல்லை. அன்னிக்கு வந்த நக்கல் பதில்களுக்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டினதுல எங்க விரலும் இருக்கு. அதனாலதான் இதை எழுதறோம்.

நம்ம முன்னோர்கள் வாதம் செய்யிறதை ஒரு சாத்திரமாவே வச்சிருந்தாங்க. கௌதமர் எழுதிய நியாய சூத்திரம் பேச்சை மூணு வகையா பிரிக்குது. உண்மை என்னன்னு தெரிஞ்சுக்க ரெண்டு பக்கமும் சேர்ந்து பேசினா அது வாதம். எப்படியாவது செயிச்சா போதும்னு பேசினா அது ஜல்பம். தனக்குன்னு ஒரு கருத்தும் இல்லாம, எதிராளி சொல்றதை உடைக்கிறதுக்காகவே பேசினா அது விதண்டை. நாம வீட்டுல "விதண்டாவாதம் பண்ணாதே"ன்னு சொல்றோமே, அந்தச் சொல் அங்கேயிருந்து வந்ததுதான்.

காரணம் மாதிரியே தெரியும், ஆனா காரணம் இல்லை என்பதற்கும் நம்மகிட்ட பேர் இருக்கு: ஏதுப் போலி. ஏது என்றால் காரணம். மணிமேகலையில ஒரு காதையே இந்த மாதிரிப் போலிகளைப் பற்றித்தான் விரிவா பேசுது. நம்ம சைவ சித்தாந்தத்துல, மெய்கண்டாரின் சீடர் அருணந்தி சிவாச்சாரியார் செய்த சிவஞான சித்தியார் சுபக்கத்தை எடுத்துக்கிட்டா, வாழ்த்து முடிஞ்சதும் முதல்ல வர்றது அளவை. அதாவது, ஒண்ணை உண்மைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? இறைவனைப் பற்றிப் பேசறதுக்கு முன்னாலயே அதைப் பேசியிருக்காங்க. ஆக, யோசிச்சுப் பேசறது பக்திக்கு எதிரி இல்லை.

சரி, அன்னிக்கு வந்த பதில்களை ஒண்ணொண்ணா பார்ப்போம். யார் சொன்னதுன்னு சொல்ல மாட்டோம். உங்க கோயில்லயும் இதே வசனங்களைக் கேட்டிருப்பீங்க.

1. "நீ எவ்வளவு குடுத்த? எத்தனை வருசமா இங்க இருக்க?"

முதல் பதிலே இதுதான். கேள்வியை விட்டுட்டு, கேட்டவரைப் பிடிச்சுக்கிறது. அந்தத் தங்கச்சி 10 வெள்ளி கொடுத்திருந்தாலும் 10,000 வெள்ளி கொடுத்திருந்தாலும் பலகையில கணக்கு ஒட்டியிருக்கா இல்லையா என்பது மாறப்போறதில்லை.

நக்கீரர் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். தருமி கொண்டுவந்த பாட்டுல குற்றம் இருக்குன்னார். எழுதினது சாட்சாத் சிவபெருமான்னு தெரிஞ்ச பிறகும் பாட்டைத்தான் பார்த்தார், எழுதினவரைப் பார்க்கல. அதுக்குப் பிறகு நடந்தது பெருமானோட திருவிளையாடல், அது வேற விசயம். ஆனா அந்தச் சபையில ஒரு புலவர், சொன்னவர் யாருங்கிறதை ஒதுக்கிட்டு சொன்னதை மட்டும் எடைபோட்டார். அந்தக் கதையைத் திருவிழா மேடையில நாடகமா போட்டுக் கைதட்டுறோம். நம்ம புலனக் குழுவுல அதையே ஒரு பிள்ளை செஞ்சா "நீ யாரு கேக்கறதுக்கு"ங்கிறோம்.

2. "அப்ப நாங்க எல்லாம் திருடங்களா?"

இதுதான் அன்னிக்கு அதிகமா சேதம் பண்ணின வரி. அந்தத் தங்கச்சி திருட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லல. "எப்ப ஒட்டுவாங்க"ன்னுதான் கேட்டார். அவர் சொல்லாத ஒண்ணை அவர் வாயில வச்சு, அதுக்குக் கோபப்பட்டு, அதுக்கே பதிலும் சொல்லியாச்சு. வயல்ல சோளக்கொல்லைப் பொம்மையைக் கட்டி வச்சு அதையே அடிச்சு வீழ்த்தின மாதிரி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. பதில் சொல்றவர் சொல்ற சொல், கேட்டவர் செய்தியில இருக்கான்னு மேல போய்ப் பாருங்க. இல்லேன்னா, அது அவரோட கேள்வி இல்லை. நம்ம மனசுல இருக்கிற பயம் அது.

3. "கோயில்னா நம்பிக்கை வேணும்மா. நம்பிக்கை இல்லாதவங்க ஏன் வரணும்?"

இதுக்குத்தான் அன்னிக்கு நிறைய கட்டைவிரல். எங்க விரலும் இங்கதான் விழுந்துச்சு. கேட்க அவ்வளவு நல்லா இருக்கு. ஆனா இதுல ஒரு சொல் நடுவுல இடம் மாறுது, கவனிச்சீங்களா?

நியாய சூத்திரத்துக்கு உரை எழுதினவங்க ஒரு பழைய உதாரணம் சொல்வாங்க. ஒரு பையன் "நவ கம்பளம்" போர்த்தியிருக்கான்னு ஒருத்தர் சொல்றார். சமஸ்கிருதத்துல நவ என்றால் புதுசு, ஒன்பது என்றும் பொருள். புதுக் கம்பளம்னுதான் அவர் சொன்னார். எதிராளி வேணும்னே "எங்கேய்யா ஒன்பது கம்பளம்? ஒண்ணுதானே இருக்கு!"ன்னு மடக்கறார். இதுக்குச் சலம்னு பேரு.

நம்ம நவ கம்பளம்தான் இந்த 'நம்பிக்கை'. அம்பாள் மேல வைக்கிற நம்பிக்கை ஒண்ணு. பந்தல் செலவு, பூச்செலவு, ஒலிபெருக்கி வாடகை எல்லாம் சரியா எழுதப்பட்டிருக்கு என்கிற நம்பிக்கை இன்னொண்ணு. முதலாவதுக்கு ரசீது கிடையாது. ரெண்டாவதுக்கு ரசீது உண்டு. முதல் நம்பிக்கையோட பெருமையை எடுத்து ரெண்டாவதுக்குப் போர்த்தி விட்டா, கணக்கு கேட்ட பிள்ளை நாத்திகர் மாதிரி தெரியும். அளவை சொல்ற சாத்திரம் உரையையும் ஒரு அளவையா ஏத்துக்குது, உண்மைதான். ஆனா அந்த உரை ஆப்த வாக்கியம், ஆகமம். நிர்வாகக் குழுவோட புலனச் செய்தி ஆகமம் ஆகாது.

கோயில் ஆட்கள் நாம இந்த ஒரு சொல்லுல ரொம்ப சுலபமா வழுக்கி விழறோம். சாமிகிட்ட நாம காரணம் கேக்கறதில்லை, சரி. மனுசனுக்கு மனுசன் கொடுக்கிற காரணத்தைச் சாமி பேரைச் சொல்லி மூடவும் கூடாது.

4. "நம்பினா இரு. இல்லேன்னா நீயே வந்து பொருளாளரா இரு."

ரெண்டே வழிதானா? கணக்கை ஒட்டலாம். ஒரு தேதி சொல்லலாம். பில் வரலேன்னு சொல்லலாம். பாதிக் கணக்கை ஒட்டி "மீதி பின்னால"ன்னு எழுதலாம். இத்தனை வழி இருக்கிறப்போ ரெண்டை மட்டும் காட்டி, ரெண்டுல ஒண்ணைப் பிடிக்கச் சொல்றது நியாயம் இல்லை. இத்தனைக்கும், சமைக்கத் தெரிஞ்சவங்கதான் சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்லலாம்னு அன்னதானத்துல நாம சட்டம் போடறதில்லையே.

இதோட தம்பி ஒண்ணு கூடவே வந்துச்சு: "இன்னிக்குக் கணக்கு கேப்பாங்க, நாளைக்குச் சாவி கேப்பாங்க, நாளன்னிக்குக் கோயிலையே கேப்பாங்க." கணக்குல இருந்து சாவிக்கு எப்படிப் போனாங்க, சாவியில இருந்து கோயிலுக்கு எப்படிப் போனாங்கன்னு நடுவுல ஒரு படியும் காட்டல. பத்துமலையில 272 படி இருக்கு. ஒவ்வொரு படியா ஏறினாத்தான் மேல போக முடியும். பயத்துக்கு மட்டும் படியே தேவைப்படாது, ஒரே தாவுதான்.

5. "காலங்காலமா இப்படித்தான். கோயில்ல கணக்கு கேக்கற வழக்கம் நமக்கு இல்லை."

இதுல ரெண்டு தப்பு இருக்கு. முதல் தப்பு, தகவலே தப்பு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். குடவோலை முறையில வாரியத்துக்கு ஆள் எடுக்கிற விதிகள் அதுல இருக்கு. ஏற்கெனவே வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவரோட உறவுக்காரங்களையும் திரும்ப எடுக்கக் கூடாதுன்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. தஞ்சைப் பெரிய கோயில்ல ராஜராஜ சோழன் கொடுத்த நகைகளுக்கு எடை எவ்வளவு, முத்து எத்தனைன்னு சுவர்லயே எழுதி வச்சிருக்காங்க. மாமன்னரே கணக்கு எழுதிக் காட்டியிருக்கிறப்போ நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

நம்ம நாட்டுச் சட்டமும் இதையேதான் சொல்லுது. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவான கோயில் எதுவா இருந்தாலும், ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள கணக்கோட சேர்த்து ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பணும். அந்தத் தங்கச்சி புதுசா எதையும் கேக்கல.

ரெண்டாவது தப்புதான் முக்கியம். வழக்கம் பழசுங்கிறதாலயே சரின்னு ஆகாது. நாங்க காட்டின உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் இது பொருந்தும். வாரியத்துக்கு வர்றவருக்குச் சொந்த நிலம் இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும்னும் அந்தக் கல்வெட்டு சொல்லுது. அதை இன்னிக்கு யாரும் கேக்கறதில்லை. அதனால, கல்வெட்டுல இருக்கிறதாலயே கணக்கு காட்டணும்னு நாங்க சொல்ல வரல. பலர் கொடுத்த பணத்துக்குப் பலர் பார்க்கக் கணக்கு இருக்கணும் என்பது தன்னளவிலேயே சரியான காரணம். கல்வெட்டு, "நமக்கு வழக்கம் இல்லை"ங்கிற பேச்சை மட்டும்தான் பொய்யாக்குது.

6. "டத்தோவே கணக்கு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டார்."

நல்ல மனுசர் அவர். கோபுரத் திருப்பணிக்குப் பெரிய தொகை கொடுத்தவர். ஆனா அவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாரான்னு யாரும் கேக்கல. பிறகு நாங்க கேட்டோம். "நல்லா நடக்குதுன்னு பொதுவா சொன்னேன்"னார். பெரியவங்க சொல்லைக் கேக்கறது தப்பில்லை. பல்வலிக்குப் பல் டாக்டரைக் கேக்கறோம், பூசை முறைக்குக் குருக்களைக் கேக்கறோம். எந்த விசயத்துல யார் பார்த்துட்டுப் பேசறாங்க என்பதுதான் கேள்வி. பட்டம் பெருசா இருந்தா மட்டும், பார்க்காத கணக்கு பார்த்த கணக்கு ஆயிடாது.

"எல்லாக் கோயில்லயும் இப்படித்தான்" என்பதும் இதே சாதிதான். இங்க பெரிய ஆளுக்குப் பதிலா பெரிய கூட்டம், அவ்வளவுதான் வித்தியாசம்.

7. "கணக்கு கேட்டாங்க, பாருங்க, விஜயதசமி அன்னிக்கு என்ன ஆச்சுன்னு!"

இது பிறகு வந்தது. விஜயதசமி அன்னிக்கு ராத்திரி சாமி புறப்பாட்டு நேரத்துல ஜெனரேட்டர் நின்னுபோச்சு. ஊர்வலம் பாதித் தெருவுல இருட்டுல நின்னுச்சு. மறுநாளே "கோயில் விசயத்துல கேள்வி கேட்டா இப்படித்தான், சாமி குத்தம்"னு பேச்சு.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். காக்கா உட்கார்ந்தது முன்னால, பழம் விழுந்தது பின்னால, அதனால காக்காதான் தள்ளிவிட்டதுன்னு சொல்லலாமா? பழம் பழுத்து விழற நிலைமையில இருந்துச்சான்னும் பார்க்கணும். எங்க ஜெனரேட்டர் எண்ணெய் மாத்தி ரொம்ப நாளாச்சுன்னு பழுது பார்க்க வந்த தம்பி சொன்னார்.

சாமி குத்தமே கிடையாதுன்னு நாங்க சொல்ல வரல. அது அவங்கவங்க அனுபவம். ஆனா ஒண்ணு கேக்கறோம். குத்தம்னே வச்சுக்கிட்டாலும், எந்தக் குத்தம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? கணக்கு கேட்டதா, கணக்கு ஒட்டாததா, கேட்ட பிள்ளையை அழவச்சதா? நமக்குப் பிடிக்காத ஆள் தலையில அதை வைக்கிறப்போ, அம்பாள் பேரை நம்ம கோபத்துக்கு வாடகைக்கு எடுக்கிறோம். அதுவும் கணக்குல வரணும்.

8. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான்."

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், மறுக்கல. அன்னதானத்துக்குச் சமைக்கிற நாங்களே அப்படித்தான் பதம் பார்க்கிறோம். ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே அடுப்பு, அதனால ஒரு சோறு போதும். பிள்ளைங்க ஒரே பானையில வெந்தவங்க இல்லை. ஒருத்தர் கணக்கு கேக்கறார், ஒருத்தர் காவடி தூக்கறார், ஒருத்தர் பேசாம வந்து கும்பிட்டுப் போறார். மூணையும் செய்யிற பிள்ளைங்களும் இருக்காங்க.

இது வரைக்கும் படிச்சவங்க, நாங்க ஒரு பக்கம் சாய்ஞ்சு பேசறோம்னு நினைக்கலாம். இல்லை. அடுத்த பக்கத்தோட பேச்சு இன்னும் மோசம்.

அந்தத் தங்கச்சி விலகின பிறகு, அவருக்கு ஆதரவா சிலர் தனிக் குழு ஆரம்பிச்சாங்க. அங்க வந்த வரி இது: "கணக்கு காட்டல, அப்படின்னா எடுத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்?" இல்லை. கணக்கு காட்டலேன்னா கணக்கு காட்டல என்பது மட்டும்தான் அர்த்தம். பில் வராம இருக்கலாம், உடம்பு முடியாம இருக்கலாம், சோம்பேறித்தனமா இருக்கலாம், தப்பாவும் இருக்கலாம். தெரியாத இடத்துல நமக்குப் பிடிச்ச பதிலை எழுதி நிரப்பக் கூடாது. தப்பு இல்லேன்னு நிரூபிக்க முடியலேன்னா தப்பு இருக்குன்னு ஆகாது. குற்றம் சொல்றவர்தான் சான்று கொண்டுவரணும்.

இன்னொருத்தர், வேறொரு ஊர்க் கோயில்ல பணம் போன ஒரு செய்தியை அந்தக் குழுவுல பகிர்ந்து, "நம்ம கோயில்லயும் இதே கதைதான்"னு கீழ எழுதினார். அந்த ஊருக்கும் எங்க பொருளாளருக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு இடத்திலயும் உண்டியல் இருக்கு, அவ்வளவுதான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு அது.

அந்த ரெண்டு வரியும் எப்படியோ ஐயா காதுக்குப் போயிடுச்சு. 18 வருசம் உண்டியல் பணத்தை எண்ணி, பத்து காசு குறைஞ்சாலும் தன் பையில இருந்து போட்டவர். மூணு வாரம் தாங்கிப் பார்த்தார், அப்புறம் சாவியைக் கொடுத்துட்டார். அன்னிக்கு அவர் சொன்னது இன்னும் எங்க காதுல இருக்கு: "அந்தப் பிள்ளை கேட்டது தப்பே இல்லப்பா. நீங்க யாராச்சும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இப்ப ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவைப் படிச்சுட்டு நாளைக்கே "நீ பேசறது ஏதுப் போலி, நீ பேசறது சலம்"னு எதிராளி மேல கல் எறியக் கிளம்பாதீங்க. அதுவும் ஜல்பம்தான். இன்னொண்ணு, காரணம் தப்பா இருந்தா முடிவும் தப்புன்னு அர்த்தம் இல்லை. அன்னிக்கு ஒரு அண்ணே, "கணக்கைப் புலனத்துல போடக் கூடாது, கண்ணு பட்டுடும்"னார். சிரிச்சோம். பிறகு யோசிச்சா, நன்கொடை கொடுத்தவங்க பேரும் தொகையும் நூத்துக்கணக்கான கைப்பேசியில சுத்தறது நல்லதா? அது அவங்க சொந்த விசயம். பலகையில மொத்த வரவு, மொத்த செலவு, இருப்பு போட்டா போதும். விவரம் பார்க்கணும்னா அலுவலகத்துல வந்து பார்க்கலாம். அண்ணே சொன்ன காரணம் நிக்காது, அவர் சொன்ன முடிவுல பாதி சரி. ஆள் பேச்சை உடைச்சதோட நிறுத்தியிருந்தா அந்தப் பாதியை விட்டிருப்போம்.

அடுத்த மாசம் எங்கள் ஆலயத்தின் ஆண்டுக் கூட்டம் வருது. தொண்டர்கள் நாங்க மூணு விசயத்தைக் கடைப்பிடிக்கிறதா எங்களுக்குள்ள முடிவு பண்ணியிருக்கோம். உங்க கோயிலுக்கும் ஒத்து வந்தா எடுத்துக்கோங்க.

முதலாவது, கேள்வியை வெள்ளைப் பலகையில எழுதறது. கேட்டவர் சொன்ன அதே சொற்கள்ல. பேச்சு எங்க சுத்தினாலும், "இது பலகையில இருக்கிற கேள்விக்குப் பதிலா?"ன்னு யாராவது ஒருத்தர் கேக்கணும். அதைக் கேக்கறவர் கோபப்படாம கேக்கணும்.

ரெண்டாவது, பதில் சொல்றதுக்கு முன்னால, "நீங்க கேட்டது இதுதானே?"ன்னு திருப்பிச் சொல்றது. அவர் "ஆமா"ன்னு சொன்ன பிறகுதான் பதில். இந்த ஒரு வேலையைச் செஞ்சிருந்தா "திருடங்களா"ங்கிற வரி அன்னிக்கு வந்திருக்காது.

மூணாவது, கோயில் பணம், ஆள் பேரு ரெண்டும் வர்ற விசயத்தை ராத்திரி புலனத்துல பேசறதில்லை. தெரிஞ்சவர்கிட்ட நேரா போய்க் கேக்கறது. தே தாரேக் ஒண்ணு வாங்கிக் கொடுத்துக் கேட்டாகூட ரெண்டு வெள்ளி மூணு வெள்ளியில முடிஞ்சிடும்.

இது மூணும் முதல்ல எங்களுக்கு. மத்தவங்க பேச்சுல போலியைக் கண்டுபிடிக்கிறது சுலபம். நமக்குப் பிடிச்ச ஆள், நம்ம பக்கம் பேசறப்போ கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். கட்டைவிரலைத் தூக்கறதுக்கு முன்னால ஒரு மூச்சு விட்டு, "இதுல காரணம் இருக்கா, இல்ல எனக்குக் கேக்க இனிப்பா இருக்கா?"ன்னு பார்த்தா போதும்.

கடைசியா ஒண்ணு. பந்தல்காரர் பில் வந்துடுச்சு. கணக்கு இப்ப பலகையில இருக்கு. ஒரே ஒரு தாள். வரவும் செலவும் சரியா இருக்கு, இருப்பும் சரியா இருக்கு. ஐயா கையெழுத்துதான், சாவி கொடுக்கிறதுக்கு முன்னால எழுதி வச்சது. பூசைக்கு வர்றவங்க ஒரு நிமிசம் நின்னு பார்த்துட்டு உள்ள போறாங்க. இந்த ஒரு தாளுக்குத்தான் அத்தனை பேச்சும்.

போன ஞாயித்துக்கிழமை எங்கள்ல ரெண்டு பேரு ஐயா வீட்டுக்குப் போனோம். இன்னும் ரெண்டு பேரு அந்தத் தங்கச்சியோட அம்மாவைப் போய்ப் பார்த்தாங்க. தங்கச்சி இப்ப வேற கோயில்ல பிள்ளைங்களுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறாராம். நல்லா இருக்கட்டும். திரும்பி வாங்கன்னு கூப்பிடல, அந்த உரிமை எங்களுக்கு இருக்கான்னு தெரியல. மன்னிப்பு மட்டும் கேட்டோம். ஐயா மட்டும், "ஆண்டுக் கூட்டத்துக்கு வர்றேன், பின்னால உட்கார்ந்துக்கிறேன்"னு சொல்லியிருக்கார்.

முன் வரிசையில ஒரு நாற்காலியைத் துடைச்சு வச்சிருக்கோம்.

அம்பாள் துணை.

ஆலயத் தொண்டர்கள்